விற்பனைக்கு அல்லாதவை

அத்தையின் கடையில் விற்கிற பொருட்களைவிட விற்காத பொருட்களே அதிகம். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் வில்லியனூரிலிருந்து வரும் டெம்போவிலிருந்து முதலில் இறங்குவது கயிற்றுச் சுருள். அடுத்து சவுக்குக் கம்புகள், தார்ப்பாய், கால் மடக்கிய இரும்புக் கட்டில், பலகைகள், காடாத் துணி மூட்டை, துடைப்பம், தண்ணீர்க் குடம், கவிழ்த்துப் போட்டு உட்கார ஒரு பக்கெட். கடைசியாகத்தான் வைக்கோல் திணித்த கூடைகள் வரும். அன்றைக்கு விற்க வேண்டிய சுடுமண் பொம்மைகளும் விளக்குகளும் அவற்றுக்குள் இருக்கும். குட்டியானை என்று நாம் சொல்லும் சின்ன லாரி 2005இல்தான் வந்தது. நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். பள்ளி விடுமுறைகளில் அத்தையோடு நானும் டெம்போவில் ஏறிவிடுவேன்.

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறன்று பெரிய கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். பூட்டிய அந்தக் கடைகளின் முன்னால் விரிவதுதான் சண்டே மார்க்கெட். நேரு வீதி முனையைத் தாண்டி இரண்டு பக்கமும் சட்டை, நைட்டி, பாத்திரம், பழைய புத்தகம், செருப்பு, பிளாஸ்டிக் வாளி என்று நீண்டுகொண்டே போகும். கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்தெல்லாம் சனம் பஸ் ஏறி வரும். துணிக்கடைகளுக்கு நடுவே அத்தைக்கு ஓர் இடம். அந்த இடத்துக்குச் சீட்டோ பட்டாவோ எதுவும் கிடையாது. “அது வில்லியனூரம்மா எடம்” என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வதுதான் பட்டா.

முதல் சில வருஷங்கள் அத்தை தரையில் கித்தான் விரித்துத்தான் பொம்மைகளை அடுக்கினார். நடந்து போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், ஆனால் குனிய மாட்டார்கள். குனியாதவர் கையில் எடுக்க மாட்டார். கையில் எடுக்காதவர் வாங்கவும் மாட்டார். இதைக் கண்டுபிடித்த பிறகுதான் இரும்புக் கட்டில் வந்தது. கட்டிலின் மேல் பலகை, அதன் மேல் துணி. இடுப்பு உயரத்துக்குப் பொருள் வந்ததும் வியாபாரமே மாறிப்போனது. தரையில் இருந்தபோது “பத்து ரூபாய்க்குக் குடும்மா” என்று கேட்ட அதே யானையைக் கட்டிலில் பார்த்தவர்கள் “எவ்வளவு?” என்று கேட்டார்கள். விலையை அவர்களே சொல்வதற்கும் நம்மிடம் கேட்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். அத்தை கட்டிலுக்காக வாங்கிய கடன் சீக்கிரமே அடைந்தது.

அடுத்து வந்தது கொலுப்படி. மடக்கி எடுத்துப்போகிற இரும்புக் கொலுப்படிகள் நவராத்திரிக்கு முன்னால் நல்ல விலைக்குப் போகும், விஜயதசமி முடிந்ததும் கேட்பாரில்லை. அத்தை விஜயதசமி கழித்து ஐந்து படி வைத்த ஒன்றை வாங்கினார். மேல்படியில் பெரிய குதிரையும் பிள்ளையாரும், நடுவில் விளக்குகள், கீழ்ப்படியில் குழந்தைகளின் கைக்கு எட்டுகிற மாதிரி சின்னச் சொப்புகள். குழந்தை எடுத்துவிட்டால் அம்மா நின்றாக வேண்டும். பின்னாளில் சென்னையிலும் பெங்களூரிலும் கண்காட்சிகளுக்குப் போனபோது, படிப்படியாக அடுக்கிய கண்ணாடித் தட்டுகளைப் பெரிய கம்பெனிகள் வாடகைக்கு விடுவதைப் பார்த்தேன். அத்தையின் கொலுப்படியில் இல்லாத எதுவும் அதில் இல்லை.

துணி விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு வசதி இருந்தது. மாமா ரோடியர் மில்லில் வேலை பார்த்தார். ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்பது அதன் பதிவுப் பெயர். 1898இல் தொடங்கிய ஆலை. முதலியார்பேட்டை பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று விளங்காது, ரோடியர் என்றால்தான் வழி சொல்வார்கள். மில் துணியில் கட் பீஸ் மலிவாகக் கிடைக்கும். சாயம் ஏற்றாத காடாத் துணியை அத்தை அளந்து வாங்கி, கட்டிலின் நான்கு பக்கமும் தரை தொடும்படி தைத்து வைத்திருந்தார். சுட்ட மண்ணின் சிவப்பு அந்தத் துணியின் மேல்தான் எடுப்பாகத் தெரியும். வெள்ளை வெளேரென்ற துணியில் அழுக்காகத் தெரியும், பூப்போட்ட துணியில் காணாமலே போகும். துணி தரைவரை தொங்குவதில் இன்னொரு வேலையும் நடந்தது. காலிக் கூடை, சோற்றுத் தூக்கு, மழைக்கான பாலித்தீன், செருப்பு, தூங்கிப்போன குழந்தை எல்லாம் கட்டிலுக்கடியில் மறைந்துவிடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரை கடந்தபோது மில்லும் பெரிதும் சேதமடைந்தது. பிறகு அது முன்போல் எழவில்லை. 2020 ஏப்ரல் 30இல் மூடியே விட்டார்கள். அந்த மில்லின் கடைசித் துணி எங்கள் வீட்டில் கடைத் துணியாக இன்னும் இருக்கிறது. எத்தனை முறை துவைத்தும் நூல் விடவில்லை.

நிழலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெயில் ஊரில் சந்தைக் கடையின் பாதி வேலை நிழல் போடுவதுதான். திருவிழாக் கடைகளில் சவுக்குக் கம்பை மண்ணில் நட்டுவிடலாம். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையிலும், ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கும் அப்படித்தான் நட்டோம். கடலூர், விழுப்புரம் கரையோரத்தில் விளைகிற சவுக்கு மலிவு, நேராக இருக்கும், வெயிலில் வளையாது. ஆனால் மகாத்மா காந்தி சாலை தார் ரோடு. கம்பு இறங்காது. பூட்டிய ஷட்டரின் கைப்பிடி, விளக்குக் கம்பம், ஜன்னல் கம்பி என்று கிடைத்ததில் கயிற்றைக் கட்டுவார்கள். கடைக்காரர் யாராவது ஆட்சேபித்தால் அவ்வளவுதான், அன்று முழுக்க வெயில்.

இதற்கு ஒரு வழி சொன்னவர் பக்கத்தில் நைட்டி விற்ற அண்ணன். இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் நடுவே இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி, சிமெண்ட்டும் ஜல்லியும் கலந்து பாதி அளவு ஊற்றிக் காயவிட வேண்டும். இருபது கிலோவுக்கு மேல் கனம் வந்துவிடும். அந்தக் குழாய்க்குள் கம்பைச் செருகினால் தார் ரோட்டிலும் பந்தல் நிற்கும். பக்கெட்டின் கைப்பிடி இருப்பதால் தூக்குவதும் எளிது. நாலு பக்கெட்டும் அத்தை வீட்டுக் கொல்லையில் வரிசையாகக் காய்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேலே உலர்ந்ததும் எடுத்துவிடப் பார்த்த என்னை, “தொடாதே பாப்பா, உள்ளே இன்னும் பச்சையாத்தான் இருக்கும்” என்று அத்தை தடுத்தார். ஒரு வாரம் தண்ணீர் தெளித்தார்.

தார்ப்பாய் வாங்குவதற்கென்று ஓர் அறிவு வேண்டும். கடைக்காரர் நீளம் அகலம் மட்டும் சொல்வார். தடிமனை நாம்தான் கேட்க வேண்டும். அதை ஜிஎஸ்எம் என்ற கணக்கில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. நூறுக்குக் கீழே இருப்பது ஒரு கோடையில் நார் நாராகக் கிழிந்துவிடும். இருநூறுக்குப் பக்கத்தில் இருந்தால் சில வருஷம் உழைக்கும். அதைவிட முக்கியம் ஓரத்து வளையங்கள். அவை அலுமினியமா, உள்ளே கயிறு வைத்து மடித்துத் தைத்த ஓரத்தில் அடித்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். காற்று கிழிப்பது எப்போதும் அந்த வளையத்தில் தொடங்கித்தான்.

நிறத்தை யாரும் யோசிப்பதில்லை. சந்தை முழுக்க நீலத் தார்ப்பாய். நீலத்தின் கீழ் வைத்தால் சுடுமண் கறுத்துச் சோர்ந்து தெரியும், செந்நிறம் செத்துவிடும். மத்தியானம் முழுக்க விற்காமல் கிடந்த பொம்மையை வெயிலில் எடுத்துக் காட்டியதும் வாங்கிக்கொண்டு போன ஒருவரைப் பார்த்துத்தான் அத்தைக்கு இது பிடிபட்டது. வெள்ளைத் தார்ப்பாய் அப்போது எளிதில் கிடைக்கவில்லை. அரிசி மண்டியில் வெள்ளைச் சாக்குகள் வாங்கிப் பிரித்து, ஒன்றாகத் தைத்து, நீலத்துக்கு அடியில் உள்கூரை மாதிரி கட்டினார். வில்லியனூர் சுடுமண்ணுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த ஊர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. அத்தகைய மண்ணை நீலக் கூரைக்கடியில் வைத்து விற்கச் சொல்வது பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

பொம்மையை உடையாமல் கொண்டுபோவதில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தனி வசதி உண்டு. ஊரில் எங்கு திரும்பினாலும் மதுக்கடை. முக்கால் லிட்டர் பாட்டில்கள் பன்னிரண்டு வரும் அட்டைப் பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புகள் இருக்கும். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு விளக்குப் பாவை அச்செடுத்தாற்போல உட்கார்ந்துவிடும். கால் பாட்டில் பெட்டியில் நாற்பத்தெட்டு அறை, அது அகலும் சொப்பும் வைக்க. மாமா ஞாயிறு தவிர மற்ற நாட்களில் சைக்கிளில் போய்க் காலிப் பெட்டிகள் வாங்கி வருவார். தமிழ்நாட்டுக்குள் கண்காட்சிக்குப் போகும்போதுதான் சங்கடம். எல்லைச் சோதனைச் சாவடியில் அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். அத்தை பதறாமல் இறங்கி, மேல் பெட்டியைத் தானே திறந்து, பிள்ளையாரை எடுத்து நீட்டுவார். ஒரு காவலர் தன் பெண்ணுக்கென்று ஒரு கிளியைக் காசு கொடுத்தே வாங்கிக்கொண்டார்.

வாங்குகிறவருக்குக் கட்டிக் கொடுப்பது வேறு வேலை. பழைய நாளிதழ் இரண்டு சுற்று, மூக்கு, தும்பிக்கை, காது இருக்கும் இடத்தில் கொஞ்சம் வைக்கோல், மேலே சணல். ஒரு தடவை பிரான்சுக்குத் திரும்பிப் போகிற ஒரு சொல்தா குடும்பம் பெரிய குதிரை கேட்டது. இங்கிருந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். விமானத்தில் போகிற குதிரைக்கு அத்தை ஒரு பழைய தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு திணித்துக் கொடுத்தார். குதிரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததென்று அடுத்த வருஷம் வந்தபோது சொன்னார்கள். 2019இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை இங்கே தடை செய்தபோது பலர் திண்டாடினார்கள். அத்தைக்கு எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

படிப்பு முடித்து நானும் சந்தைக்கு வந்தேன். அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959இலிருந்து நடக்கிறது. அங்கே வாங்கிய தாள்களைத் தைத்து நோட்டுப் புத்தகங்கள் செய்து விற்கத் தொடங்கினேன். மண்ணுக்கு இல்லாத பகை காகிதத்துக்கு உண்டு. கடற்கரைச் சாலையில் காந்தி திடலில் கைவினைச் சந்தை நடக்கும்போது பிற்பகலில் கிழக்கிலிருந்து காற்று ஏறும். விலைச் சீட்டு பறக்கும், அட்டை வளையும், உப்புக் காற்றில் தாள் நமுத்துப்போகும். அத்தையின் சிமெண்ட் பக்கெட்டுகளின் அருமை எனக்கு அங்கேதான் முழுசாகத் தெரிந்தது. மேசைத் துணியின் ஓரத்தில் சின்னச் சின்னக் கூழாங்கற்களை வைத்துத் தைத்துத் தந்தார். காற்று எவ்வளவு அடித்தாலும் துணி எழும்பாது.

வெளிச்சத்தில் எனக்கும் அத்தைக்கும் ஒரே கருத்து. பெட்ரோமாக்ஸ் போய் டியூப் லைட் வந்து, அதுவும் போய் எல்இடி வந்துவிட்டது. அட்டைப் பெட்டியின் மேல் 6500 கெல்வின் என்று போட்டிருப்பதை எல்லோரும் வாங்குகிறார்கள், பளிச்சென்று இருக்கிறதென்று. அந்த நீல வெளிச்சத்தில் மண் சாம்பலாகவும் மனிதத் தோல் நோயாளிபோலவும் தெரியும். 3000 கெல்வின் விளக்கு இரண்டு இருந்தால் போதும். ஒன்றைப் பொருளுக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் மாட்டினால் செதுக்கலின் நிழல் விழும், கைவேலை தெரியும். விலை ஒன்றுதான். கேட்டு வாங்க வேண்டும்.

பணத்துக்கு இடுப்பில் சுருக்குப் பை. கல்லாப் பெட்டி வைக்கவே கூடாது, எழுந்து பொருளைக் காட்டும்போது பெட்டி தனியாக நிற்கும் என்பார் அத்தை. 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த வாரங்களில், இரண்டாயிரம் நோட்டோடு வந்தவர்களுக்குச் சில்லறை இல்லாமல் வியாபாரம் செத்துக் கிடந்தது. இப்போது கியூஆர் அட்டை தொங்குகிறது, பணம் வந்ததைத் தமிழில் சத்தமாகச் சொல்கிற பெட்டியும் இருக்கிறது. கண் மங்கிய அத்தைக்கு அந்தப் பெட்டி பெரிய உதவி.

இனிச் சொல்வது கொஞ்சம் கசப்பானது. முருங்கப்பாக்கத்தில் கைவினைக் கிராமம் இருக்கிறது. பயிற்சி முகாம்கள் நடக்கின்றன, சான்றிதழ் தருகிறார்கள். எல்லாம் பொருளைச் செய்வதற்குத்தான். செய்ததை வெயிலிலும் காற்றிலும் பதினான்கு மணி நேரம் நிறுத்தி விற்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. எல்லாவற்றையும்விடப் பெண்களுக்கு வேண்டியது கழிப்பறை. அத்தை காலையில் ஒரு தம்ளர் காப்பியோடு சரி. தண்ணீர்க் குடம் பக்கத்திலேயே இருக்கும், இரவு வரை குடிக்க மாட்டார். எத்தனையோ கடைக்காரப் பெண்கள் அப்படித்தான். சிறுநீர்க் கோளாறு அவர்களுக்குள் சகஜமாகப் பேசிக்கொள்கிற விஷயமாகிவிட்டது. 1936 ஜூலை 30இல் இந்த ஊரில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர்கள் உயிர்விட்டார்கள். அந்தப் போராட்டத்தால்தான் மறு வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. மாமா அந்தச் சட்டத்தின் நிழலில் சங்கு ஊதியதும் வீடு திரும்பினார். அதே வீட்டில் அத்தையின் ஞாயிற்றுக்கிழமைக்குச் சங்கும் கிடையாது, நிழலும் கிடையாது.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. டெல்லியில் 1994இல் திறந்த தில்லி ஹாட்டில் கட்டிய மேடையும் கூரையும் விளக்கும் கழிப்பறையும் உண்டு. கைவினைஞர்கள் பதினைந்து நாள் முறை வைத்து வந்து விற்றுவிட்டுப் போகிறார்கள். பொருளோடு போனால் போதும். 2014இன் தெருவியாபாரிகள் சட்டம் விற்பனைச் சான்றிதழைப் பற்றிப் பேசுகிறது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. 2020இல் ஸ்வநிதி திட்டம் வந்தபோது அதன் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. அதை வாங்கிய தோழி ஒருத்தி என்ன வாங்கலாம் என்று கேட்டாள். சரக்கு வாங்காதே, முதலில் மேசையும் நல்ல தார்ப்பாயும் வாங்கு என்றேன். அவள் கண்ணாடி மணி மாலை கோக்கிறவள். மேசை வந்ததும் அவள் விலையும் ஏறியது.

தார்ப்பாய் என்றதும் ஒரு கார்த்திகை மாதம் ஞாபகம் வருகிறது. காந்தி திடலில் எங்கள் கடைக்கு அடுத்து திருக்கனூரிலிருந்து வந்த ஒரு வயதானவர் காகிதக்கூழ் பொம்மைகள் வைத்திருந்தார். திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வண்ணம் பூசிய தலையாட்டிப் பொம்மைகள், முகமூடிகள். அவர் கூரைக்கு வெறும் சாமியானாத் துணிதான். நாலு மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது. மழை வரும் முன் வருகிற அந்தக் காற்று அடித்ததும் அத்தை எழுந்து, தன் கடைக் கயிற்றை மூலைக்கு மூலை அவிழ்க்கத் தொடங்கினார். நான் பதறி, “என்ன அத்தை பண்றீங்க?” என்றேன்.

“சுட்ட மண்ணை மழை என்னா பண்ணும்? அவுருது கரைஞ்சிடும்டி. அந்தப் பக்கம் புடி.”

தார்ப்பாயை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் மேசையின் மேல் போட்டு, பக்கெட்டுகளையும் நகர்த்தி ஓரத்தை அமுக்கினோம். என் நோட்டுப் புத்தகங்களும் அதற்குள் போயின. அப்புறம் வந்த மழை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அத்தையின் பொம்மைகள் நனைந்து இன்னும் அடர்ந்த சிவப்பாக நின்றன. காடாத் துணி சொட்டியது, வைக்கோல் ஊறிப்போனது. மழை விட்டதும் வந்தவர்கள் ஈர மண்ணின் நிறத்தைப் பார்த்து நிறைய வாங்கினார்கள். திருக்கனூர்ப் பெரியவர் மறுநாள் தார்ப்பாயைத் துடைத்து மடித்துக் கொண்டுவந்தார். அதன்பிறகு மழைக்கால விழாக்களில் இரண்டு கடையும் பக்கத்துப் பக்கத்தில்தான். முதலில் மூட வேண்டியது எது என்று கடை போடும்போதே முடிவு செய்துவிடுவோம்.

இப்போது அத்தைக்கு முட்டி வலி, சந்தைக்கு வருவதில்லை. கட்டில், கொலுப்படி, பக்கெட்டுகள், விளக்குகள் எல்லாம் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. புதிதாகக் கடை போடுகிற பிள்ளைகள் கேட்டு எடுத்துப் போகிறார்கள். கோரைப்பாய்ப் பை தைக்கிற பெண், மெழுகுவர்த்தி செய்கிற தம்பி, பனையோலைப் பெட்டி முடைகிற அக்கா. யார் எதை எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் ஊரையே வெள்ளக்காடாக்கிய வாரத்தில் அந்த நோட்டில் தார்ப்பாய் என்று மட்டும் ஒரு பக்கம் நிறைந்தது. சந்தைக்கு எடுத்தவை எல்லாம் வீட்டுக் கூரைக்குப் போயிருந்தன.

ஏழெட்டுப் பேர் சேர்ந்து மடக்குக் கூடாரம் ஒன்று வாங்கப் பணம் போட்டிருக்கிறோம். வெள்ளைக் கூரைதான் என்று முடிவாகிவிட்டது. கூடவே ஒரு மனுவும் எழுதியிருக்கிறோம். கண்காட்சித் திடலில் பெண்களுக்கு இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் கழிப்பறை, கம்பு செருகத் தரையில் நிரந்தரமாகப் பதித்த குழாய்கள், இரண்டு கடைக்கு ஒரு மின் இணைப்பு. குழாய்கள் எத்தனை அடி இடைவெளியில் இருக்க வேண்டும் என்று அத்தை தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டியதை அப்படியே படமாகப் போட்டு இணைத்திருக்கிறேன். இன்னும் நாலைந்து கையெழுத்து பாக்கி. வருகிற ஞாயிறு சந்தையில் வாங்கிவிட்டு, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.